எந்த வருடத்திலிருந்து கணக்கு?

ஆற்றில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது, பருவநிலை மாறிவிட்டது என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: எந்த வருடத்திலிருந்து கணக்கு எடுத்தீர்கள்? முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கப் பேரேடு எழுதியவனுக்கு இந்தப் புத்தி போகாது.

நைல் நதியை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் ‘நீல்’ என்று படித்த அதே ஆறு. எகிப்தின் அஸ்வானில் 1871 முதல் 1970 வரை நூறு வருடக் கணக்கு இருக்கிறது. 1898 வரை வருடச் சராசரி சுமார் 11,000 கோடி கன மீட்டர். பிறகு சுமார் 8,500 கோடி. நூறு வருடத்துக்கும் சேர்த்து ஒரு நேர்க்கோடு போட்டால் அது கீழே இறங்கும். ஆறு வற்றிக்கொண்டே போவதாகத் தோன்றும். உண்மையில் இறங்கியது ஒரே ஒரு படி. படிக்கு மேலேயும் ஏறக்குறையச் சமதரை, கீழேயும் சமதரை. அதே சமயத்தில்தான் பழைய அஸ்வான் அணை வேலையும் தொடங்கியது. மழை குறைந்ததா, அளக்கும் விதம் மாறியதா? எண்கள் மட்டும் பதில் சொல்லாது. பேரேட்டின் கடைசிக் கட்டத்தில் யாராவது குறிப்பு எழுதியிருக்க வேண்டும்.

ஏறுமுகமா இறங்குமுகமா என்று பார்க்க மான்-கெண்டல் சோதனை என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு வருடத்தையும் பின்னால் வரும் எல்லா வருடங்களோடும் ஒப்பிட்டு, எத்தனை ஜோடி ஏறியது, எத்தனை இறங்கியது என்று எண்ணுவது. பத்து வருடத்துக்கு 45 ஜோடி. குமாஸ்தா வேலைதான். ஆனால் அந்தச் சோதனை ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் சம்பந்தமில்லை என்று வைத்துக்கொள்கிறது. ஆறு அப்படி இல்லை. நைல் கணக்குகளிலேயே ஆயுளைக் கழித்த ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1951-இல் இதை எழுதினார்: நல்ல வருடங்கள் கூட்டமாக வரும், கெட்ட வருடங்களும் கூட்டமாக வரும். பாரீசில் படித்த கணித அறிஞர் மாண்டெல்ப்ரோ இதற்கு விவிலியத்து யோசேப்பின் பெயரையே வைத்தார். ஏழு வருடம் செழிப்பு, ஏழு வருடம் பஞ்சம். ஆகவே இருபது வருடக் கணக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம்.

இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை. 1959-இல் எகிப்தும் சூடானும் 8,400 கோடி என்று வைத்துப் பங்கு பிரித்தன. எகிப்துக்கு 5,550, சூடானுக்கு 1,850, மீதி ஆவியாகிப் போவதற்கு. அது 1900-க்குப் பிந்தைய சராசரி. முந்தைய வருடங்களையும் சேர்த்திருந்தால் தாளில் தண்ணீர் கூடியிருக்கும், ஆற்றில் கூடியிருக்காது. நம் காரைக்காலுக்கு 2007 காவிரித் தீர்ப்பில் கிடைத்த 7 டி.எம்.சி.யும் இப்படி ஒரு கணக்கில் பிறந்ததுதான். மொத்தம் 740 டி.எம்.சி. என்றார்களே, அது இரண்டில் ஒரு வருடம் மட்டும் நம்பக்கூடிய அளவு.

பருவநிலை மாறவில்லை என்று நான் வாதாடவில்லை. உலகம் சூடாவது உண்மை. அதனால்தான் சொல்கிறேன்: அளவு எடுப்பவர் ஒரு நாளும் விடாமல் எடுக்க வேண்டும். இடம் மாறினாலும், கருவி மாறினாலும், மேலே புது அணை வந்தாலும் அன்றே தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். சிக்கனம் என்று அந்த ஆளை எடுத்துவிட்டு, பிறகு எவ்வளவு பெரிய கணினியை வாங்கி வைத்தாலும் பயனில்லை. எழுதாமல் விட்ட வருடத்தை யாராலும் திரும்ப அளக்க முடியாது.