வானத்துக்கு ஒரு வடிகட்டி



விளக்குகள் நிறைந்த நகரத்தின் மொட்டை மாடியிலிருந்து நெபுலாவைப் படம் எடுக்க முடியுமா? முடியும் என்கிறது இன்றைய அறிவியல். அதற்குத் துணை நிற்பது, குறுகிய அலைப்பட்டை வடிகட்டி என்னும் சிறு கண்ணாடி வில்லை. இது பல வகைகளில், பல விலைகளில் விற்கிறது. விலை உயர்ந்ததே சிறந்தது என்பார் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. வானம் தரும் ஒளியையும் நம் கையிலுள்ள கேமராவையும் அறிந்து வாங்குவதே அறிவுடைமை என்பது என் கருத்து.

முதலில் ஒளியைப் பார்ப்போம். 1864-ஆம் ஆண்டு வில்லியம் ஹக்கின்ஸ் என்ற ஆங்கில வானியலறிஞர் ஒரு நெபுலாவின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். விண்மீன் ஒளியைப்போல் அது வானவில்லாக விரியவில்லை. ஒருசில ஒளிக்கோடுகளே தெரிந்தன. அது ஒளிரும் வாயு என்பது அன்று விளங்கியது. அக்கோடுகளே நமக்கு வழிகாட்டி. ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பாகவும், ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரில் நீலப்பச்சையாகவும் ஒளிர்கின்றன. இன்றைய வெள்ளை எல்.இ.டி. தெருவிளக்கின் ஒளியோ எல்லா நிறங்களிலும் பரவிக் கிடக்கிறது. ஆகவே சோடியம் விளக்கின் மஞ்சளை மட்டும் தடுத்த பழைய வகை வடிகட்டிகள் போதா. வேண்டிய கோட்டை மட்டும் உள்ளே விட்டு, மற்றதை மறிப்பதே தேவை.

அடுத்தது கேமரா. கறுப்பு வெள்ளைக் கேமரா உடையோர் முதலில் ஹைட்ரஜன் ஆல்ஃபா வடிகட்டியை வாங்கலாம். அண்டத்தில் மிகுந்துள்ள தனிமம் ஹைட்ரஜனே அல்லவா? விண்மீன்களில் அது எவ்வளவு மிகுதி என்பதை 1925-இல் தம் ஆய்வேட்டில் கணக்கிட்டுக் காட்டியவர் சிசிலியா பெயின் என்ற இளம்பெண் என்பதை நாம் பெருமையோடு நினைக்கலாம். வண்ணக் கேமராவிலோ நான்கு புள்ளிகளில் ஒன்றுதான் சிவப்பை உணரும். ஹைட்ரஜனை மட்டும் விட்டால் மற்ற மூன்றும் வீணே இருக்கும். ஆகையால் ஆக்சிஜனையும் சேர்த்து விடும் இரட்டைப்பட்டை வடிகட்டியே அதற்கு ஏற்றது.

பட்டையின் அகலம் எவ்வளவு? 3 நானோமீட்டர் வடிகட்டி, 7 நானோமீட்டர் வடிகட்டியைவிட நகர ஒளியை நன்றாகத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் விலை அதிகம். அன்றியும் எஃப் 2 போன்ற அகன்ற திறப்புள்ள லென்ஸில் ஒளி சாய்ந்து நுழைவதால், பட்டை நீலப்பக்கம் நகர்ந்து, நாம் தேடிய கோடே வெளியே நின்றுவிடக் கூடும். தொடங்குவோருக்கு 7 போதும். மிச்சமாகும் பணத்தில், வானத்தின் சுழற்சியைப் பிசகாமல் பின்தொடரும் நல்ல தாங்கியை வாங்கலாம். வடிகட்டி பொருத்தினால் ஒவ்வொரு படத்துக்கும் பல நிமிடங்கள் ஆகும் அல்லவா?

‘வடிகட்டி இருக்க, விளக்கைப் பற்றிக் கவலை எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். கார்த்திகை விண்மீன்களைச் சூழ்ந்துள்ள நீல முகில் தானாக ஒளிர்வதில்லை. விண்மீன் ஒளியைச் சிதறச் செய்வது. ஆண்ட்ரோமீடா மண்டலமோ கோடானுகோடி விண்மீன்களின் கூட்டம். இவற்றின் ஒளியும் தெருவிளக்கைப் போலவே எல்லா நிறங்களிலும் பரவியது. ஒன்றைத் தள்ளினால் மற்றதும் தள்ளுண்டு போகும். இவற்றைக் காக்க எந்த வடிகட்டியாலும் ஆகாது.

எனவே பெற்றோரே, மகள் கேட்கும் வடிகட்டியை அவள் கேமராவுக்கு ஏற்றபடி வாங்கிக் கொடுங்கள். அத்துடன் வாசல் விளக்குக்கு ஒரு மூடியிட்டு, அதன் ஒளியைத் தரைக்குத் திருப்புங்கள். வடிகட்டி ஒருத்திக்குப் பயன்படும். மூடியோ தெருவுக்கே பயன்படும். ஏறத்தாழ 1,300 ஒளியாண்டு கடந்து வரும் ஓரியன் நெபுலாவின் ஒளி, நம் வாசல் விளக்கிடம் தோற்கலாமா? சிந்திப்போம், செயல்படுவோம்!