பத்தாயிரம் ரூபாய் கிட்டாரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும்

'பிளஸ் ஒன் படிக்கிற பையன் எலெக்ட்ரிக் கிட்டார் கேட்கிறான். பத்தாயிரத்திலும் இருக்கிறது, ஒரு லட்சத்திலும் இருக்கிறது. விலை குறைந்ததை வாங்கிக் கொடுத்தால் வீணாகிவிடுமா?' இப்படிக் கேட்கும் அப்பா அம்மாக்கள் இப்போது அதிகம். அந்தப் பயம் நியாயமானதுதான். மூன்று மாதம் வாசிக்கப்பட்டு, பிறகு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் சொருகப்பட்ட கிட்டார்கள் பல வீடுகளில் தூசி படிந்து கிடக்கின்றன.

அவற்றில் ஒன்றை வெளியே எடுத்துப் பாருங்கள். தந்திகள் பலகையைவிட்டு எங்கோ உயரத்தில் நிற்கும். அழுத்தி அழுத்தி விரல் நுனி கன்றிப்போகும். பத்து நிமிடத்தில் சுருதி கலைந்துவிடும். சரியான இடத்தில் விரல் வைத்தாலும் அபஸ்வரம் கேட்கும். பதினாறு வயதுப் பிள்ளை இதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வான்? 'நமக்குச் சங்கீதம் வராது' என்றுதான். கிட்டாரில் இருந்த கோளாறை அவன் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறான். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

விலை குறைந்த கிட்டார் என்றால் மட்டமான கிட்டார் என்று அர்த்தமில்லை. இன்று இந்தோனேசியா, சீனத் தொழிற்சாலைகளில் கணினி இயந்திரங்கள்தான் மரத்தை வெட்டுகின்றன. உடலும் கழுத்தும் பெரும்பாலும் அளவு பிசகாமலே வந்துவிடும். ஃபெண்டர் நிறுவனமே 'ஸ்குவையர்' என்ற பெயரிலும், கிப்சன் நிறுவனமே 'எபிஃபோன்' என்ற பெயரிலும் மலிவு மாடல்களை விற்கின்றன. யமஹாவின் 'பசிஃபிகா' வரிசையும் ஆரம்பநிலைக்காரர்களிடம் நல்ல பெயர் வாங்கியது. பிறகு எங்கே காசு மிச்சம் பிடிக்கிறார்கள்? கடைசிக்கட்ட கைவேலையில். மெட்டுகளைத் தேய்த்துச் சமமாக்குவது, தந்தி உயரத்தைச் சரிசெய்வது, தந்தி உட்காரும் பள்ளத்தை அளவாக அறுப்பது எல்லாம் ஆள் உட்கார்ந்து நேரம் செலவழிக்கும் வேலை. அந்த நேரம்தான் விலையில் குறைகிறது. அதை நாம் வீட்டில் போட்டுக்கொள்ளலாம்.

அதனால் கடையில் பார்க்க வேண்டியது, பின்னால் சரிசெய்ய முடியாத விஷயங்களை மட்டும். பளபளப்பு, குமிழ், பிக்அப் பற்றிக் கவலை வேண்டாம், அவற்றை மாற்றலாம். கழுத்தைப் பாருங்கள். கேரம் போர்டில் குறி பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலைப்பக்கத்திலிருந்து கழுத்தின் இரண்டு ஓரங்களையும் நோட்டம்விடுங்கள். லேசான வளைவு பரவாயில்லை. முறுக்கிக்கொண்டிருந்தால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் கீழே வைத்துவிடுங்கள். முதல் தந்தியும் கடைசித் தந்தியும் இரண்டு ஓரங்களிலிருந்தும் ஏறக்குறைய சம தூரத்தில் ஓட வேண்டும். பிறகு ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு மெட்டாக அழுத்தி மீட்டச் சொல்லுங்கள். பல மெட்டில் சத்தம் செத்துப்போனால் அடுத்த கிட்டாரை எடுக்கச் சொல்லலாம். ஒரே மாடலில் இரண்டு கிட்டார்கள் ஒன்றுபோல இருக்காது. இந்தக் காரணத்துக்காகவே முதல் கிட்டாரை ஆன்லைனில் வாங்குவதைவிடக் கடைக்குப் போய்க் கையில் பிடித்து வாங்குவது நல்லது.

இன்னொன்று. தந்தியைச் சுருக்கி நீட்டி ஊளையிட வைக்கும் மிதக்கும் பிரிட்ஜ் உள்ள மாடலைத்தான் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்பார்கள். மலிவு விலையில் அந்த அமைப்பு சுருதியைப் படுத்தும். அசையாத பிரிட்ஜ் போதும். ஏற்கெனவே வாங்கியாயிற்றா? பின்பக்க மூடியைத் திறந்து, ஸ்பிரிங்குகளை இழுத்துப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களை இறுக்கினால் பிரிட்ஜ் உடலோடு படிந்து உட்கார்ந்துவிடும். ஊளை போய்விடும், சுருதி நிற்கும்.

கிட்டார் வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டிய முதல் நான்கு வேலைகளுக்குப் புதுத் தந்திக்கு மேல் செலவில்லை. ஒரு சிறிய ஸ்க்ரூ டிரைவர், 'எல்' வடிவ ஆலன் கீ, ஸ்கூல் ஸ்கேல், போனில் ஒரு டியூனர் ஆப். இவ்வளவுதான் கருவிகள்.

முதலில் புதுத் தந்தி. ஆரம்பநிலைக்கு 9 எனத் தொடங்கும் மெல்லிய செட் விரலுக்கு இதம். புதுத் தந்தி இரண்டு மூன்று நாள் இளகிக்கொண்டே இருக்கும், மாட்டியதும் மெதுவாக இழுத்துவிட்டுத் திரும்பத் திரும்பச் சுருதி சேருங்கள்.

அடுத்தது கழுத்து. அதன் உள்ளே ஓர் இரும்புக் கம்பி இருக்கிறது. தந்திகள் இழுக்கும் இழுப்பை அதுதான் எதிர்த்து நிற்கிறது. ஒரு தந்தியை முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து மெட்டிலும் சேர்த்து அழுத்துங்கள். நடுவே ஏழு, எட்டாவது மெட்டில் ஒரு தடித்த காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் சரி. அதிகமென்றால் கம்பியின் திருகாணியை வலப்பக்கமாக எட்டில் ஒரு சுற்று. சுருதி சேர்த்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒரே நாளில் கால் சுற்றுக்கு மேல் கூடாது. கையோடு வராமல் முரண்டு பிடித்தால் நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். இந்த ஒரு இடத்தில் வீரம் வேண்டாம், கம்பி அறுந்தால் கழுத்தே போச்சு.

மூன்றாவது, உயரம். பன்னிரண்டாவது மெட்டின் மேல் ஸ்கேலை வையுங்கள். தடித்த தந்திக்குக் கீழே 2 மில்லிமீட்டர், மெல்லிய தந்திக்குக் கீழே 1.5 மில்லிமீட்டர் அளவில் இடைவெளி இருந்தால் பிள்ளை விரலைப் பிடித்துக்கொண்டு முகம் சுளிக்க மாட்டான். பிரிட்ஜில் ஒவ்வொரு தந்திக்கும் கீழே உள்ள குட்டித் திருகாணிகளை ஆலன் கீயால் திருப்பினால் இறங்கும். ரொம்ப இறக்கினால் தந்தி மெட்டில் உரசி இரையும், கொஞ்சம் ஏற்றிவிடுங்கள்.

நான்காவது, அபஸ்வரத்தின் வேரைப் பிடிப்பது. பன்னிரண்டாவது மெட்டு தந்தியின் நடுப்புள்ளி. அங்கே அழுத்தி மீட்டினால் வெறும் தந்தியின் அதே சுரம் மேல் ஸ்தாயியில் வர வேண்டும். டியூனர் ஆப்பில் பாருங்கள். சுருதி ஏறித் தெரிந்தால், பிரிட்ஜில் அந்தத் தந்தி உட்காரும் துண்டைக் கழுத்தைவிட்டுப் பின்னுக்கு நகர்த்துங்கள். இறங்கித் தெரிந்தால் முன்னுக்கு. வீணையில் மெழுகின் மேல் மெட்டுகளை நகர்த்தி நகர்த்திப் பதிக்கிறார்களே, அதே பிரச்னைக்கு வேறு வழியில் தீர்வு.

சுருதி கலைவதற்கு எல்லோரும் முறுக்காணியைத்தான் திட்டுவார்கள். பல நேரம் குற்றவாளி அது இல்லை. தலைப்பக்கத்தில் தந்திகள் உட்காரும் வெள்ளைத் துண்டு, 'நட்' என்பார்கள். அதன் பள்ளத்தில் தந்தி சிக்கிக்கொண்டு 'டிங்' என்று துள்ளும். பென்சிலைக் கூராகச் சீவி அந்தப் பள்ளத்தில் தேயுங்கள், தந்தி வழுக்கும். போதாவிட்டால், காசு செலவழிக்கும் முதல் மாற்றம் எலும்பில் செய்த நட்டாக இருக்கட்டும். பிக்அப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பையன்கள் தலைகீழாகத் தொடங்குவார்கள், கிட்டார் விலைக்கு ஒரு பிக்அப்பை ஆர்டர் போட்டுவிட்டு நிற்பார்கள்.

ஆம்ப் போட்டதும் 'உம்ம்' என்று இரைகிறதா? ஒற்றைச் சுருள் பிக்அப்பின் சுபாவம் அது, வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். உள்ளே செப்பு டேப் ஒட்டினால் ஓரளவு அடங்கும். இரட்டைச் சுருள் பிக்அப்பில் ஒரு சுருளின் இரைச்சலை இன்னொன்று அடித்துவிடும். சென்னை ரிச்சி தெருவில் சால்டரிங் அயர்ன், ஒயர், வால்யூம் கன்ட்ரோல் எல்லாம் கிடைக்கும். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருளுக்கு 500 என்பது வழக்கம்.

ஆனால், தந்தியைத் தொட்டால் கையில் சுரீர் என்றால் அது கிட்டார் ரிப்பேர் சமாச்சாரமே இல்லை. தந்திகள் ஒயர் வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. ஆம்பிலோ, சுவர் பிளக் பாயின்ட்டின் எர்த்திலோ கோளாறு இருக்கலாம். உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதுவரை ஹெட்போன் மாட்டும் பேட்டரி ஆம்பில் வாசிக்கலாம். பக்கத்து வீட்டு மாமியும் சந்தோஷப்படுவார்.

இப்படித் தட்டிக்கொட்டிச் செய்த கிட்டாரில் வாசித்தால் மதிப்பா என்று கேட்பவர்களுக்கு, 'குவீன்' குழுவின் பிரையன் மே. 1963-ல், பள்ளிப் பையனாக இருந்தபோது, அப்பா ஹெரால்டோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்யத் தொடங்கினார். கழுத்துக்கு, பழைய கணப்படுப்பின் மேல்சட்டத்து மரம். பிரிட்ஜுக்கு, மோட்டார் சைக்கிள் இன்ஜினின் வால்வு ஸ்பிரிங். குறிப் புள்ளிகளுக்கு முத்துச்சிப்பிப் பொத்தான். 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனை மொட்டை மாடியில் நின்று வாசித்ததும் அந்தக் கிட்டாரில்தான்.

நம் பக்கத்திலும் உண்டு. மாண்டலினில் நான்கு ஜோடியாக எட்டுத் தந்திகள் இருக்கும். யு.ஸ்ரீநிவாஸ் ஐந்து ஒற்றைத் தந்திகள் போட்ட எலெக்ட்ரிக் மாண்டலினில் கர்னாடக சங்கீதம் வாசித்தார். 'சக்தி' குழுவின் ஜான் மெக்லாஃப்லின், கமகம் வளைவதற்காக மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழித்த கிட்டாரை வைத்துக்கொண்டார். அந்தக் குழிப்பு வேலையை மட்டும் உங்கள் பையன் வீட்டில் முயல வேண்டாம். செதுக்கிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

கழற்றியெடுத்த பழைய பாகங்களை, திருகாணிகள் உட்பட, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வையுங்கள். நாளைக்கு இந்தக் கிட்டாரை விற்றுவிட்டுப் பெரியது வாங்க நினைத்தால், பழையதைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டு, நல்ல பிக்அப்பைப் புதுக் கிட்டாருக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.