நுரை இல்லாத நுரையீரல்!

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர்ல 'சர்ஃபேஸ் டென்ஷன்'னா நமக்கெல்லாம் ரெண்டு மார்க் கேள்வி. டெஃபனிஷனை எழுதினோமா, மறந்தோமானு போயிட்டே இருப்போம். ஆனா பாஸ், அதே மேட்டர்தான் 1950-களில் அமெரிக்காவில் மட்டும் வருஷத்துக்கு சுமார் 10,000 பச்சைக் குழந்தைகளின் உயிரை எடுத்துக்கிட்டு இருந்தது. அதைக் கண்டுபிடிச்சவர், டாக்டர் மேரி எல்லன் ஏவரி. இந்த வார ஹீரோயின்!

1927-ல் நியூஜெர்சியில் பிறந்தவர். 1952-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டாக்டர் பட்டம் வாங்கின கையோடு டி.பி. வந்து படுத்துட்டார். எழுந்து வந்தப்போ, 'இனி நுரையீரல்தான் நம்ம சப்ஜெக்ட்'னு முடிவு பண்ணியாச்சு.

அப்போ குறைமாசத்தில் பிறந்த குழந்தைகள் பலதும் மூச்சு முட்டி ஓரிரு நாளில் இறந்துபோகும். போஸ்ட்மார்ட்டத்தில் பார்த்தால், நுரையீரலின் குட்டிக் குட்டிக் காற்றறைகளில் கண்ணாடி மாதிரி ஒரு படலம். 'இது எங்கேயிருந்து வந்தது?' என்று எல்லோரும் படலத்தின் பின்னாடியே ஓடினார்கள். ஏவரி அப்படியே உல்டாவாக யோசித்தார்: 'இங்கே இருக்க வேண்டியது எது இல்லாமல் போச்சு?'

அவர் கண்ணில் பட்டது, நுரை! நல்ல நுரையீரலில் காற்றும் ஈரமும் சேர்ந்து நுரை நிற்கும். இந்தக் குழந்தைகளிடம் அது இல்லை. தமிழில் அந்த உறுப்புக்குப் பேரே நுரையீரல்தானே!

நுரைக்கும் உயிருக்கும் என்ன சம்பந்தம்? ஒரு பலூனை ஊதிப் பாருங்க. முதல் ஊதல்தான் கஷ்டம், அப்புறம் ஈஸி. ஒவ்வொரு தடவையும் பலூன் முழுசா சுருங்கிட்டா? ஒவ்வொரு மூச்சும் முதல் மூச்சு! காற்றறையின் உள்ளே இருக்கும் ஈரம் அதை இழுத்து இழுத்துச் சுருக்கப் பார்க்கும். சர்ஃபேஸ் டென்ஷன் பண்ற வேலை. நம்ம உடம்பு சோப்பு மாதிரி ஒரு பொருளைத் தடவி அந்த இழுவையைக் குறைக்குது. அதுக்குப் பேர் சர்ஃபேக்டன்ட். கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் இது போதுமான அளவு ஊறும். சீக்கிரமே பிறந்த குழந்தைக்கு அது கிடைப்பதில்லை. பாவம், அந்தப் பிஞ்சு மூச்சு இழுத்து இழுத்தே ஓய்ந்துபோகும்.

ராணுவ ஆய்வகம் ஒன்றில் நுரையீரலின் சர்ஃபேஸ் டென்ஷனை அளந்துகொண்டிருந்த ஜான் கிளெமென்ட்ஸை ஏவரி நேரில் போய்ப் பார்த்து, அளக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். ஹார்வர்டில் ஜெரி மீட் என்பவரோடு சேர்ந்து, 1959-ல் முடிவை வெளியிட்டார். குழந்தைகளைக் கொன்றது படலம் அல்ல, சர்ஃபேக்டன்ட் பற்றாக்குறை!

காரணம் தெரிஞ்சாச்சு. மருந்து? அங்கேதான் சோகம். 1963 ஆகஸ்ட்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். பேர் பேட்ரிக். ஐந்தரை வாரம் முன்கூட்டியே வந்துவிட்டான். அதே நோய். பாஸ்டனுக்குத் தூக்கிப் போய், அழுத்தம் கூட்டிய ஆக்ஸிஜன் அறையில் வைத்துப் போராடினார்கள். 39 மணி நேரம்தான் வாழ்ந்தான். ஜனாதிபதி வீட்டுப் பிள்ளைக்கே அன்றைக்கு மருந்து இல்லை.

1972-ல் நியூசிலாந்தின் லிகின்ஸ், ஹோவி இருவரும் புது வழி காட்டினார்கள். குறைப்பிரசவ அபாயம் உள்ள தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால், வயிற்றுக்குள்ளேயே குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிரும். 1980-ல் ஜப்பானின் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபேக்டன்ட்டை 10 குழந்தைகளின் நுரையீரலுக்குள் செலுத்தி வெற்றி கண்டார். 1990-ல் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. ஏவரியின் பேப்பர் வந்து 31 வருஷம்! 2002-ல் அங்கே இந்த நோய்க்கான மரணங்கள் வருஷத்துக்கு 1,000-க்கும் கீழே இறங்கிவிட்டன.

2011-ல் ஏவரி காலமானார். அதற்குள் அந்த எண்ணிக்கை சரிந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டார்.

சர்க்யூட் ஓடலையா, புரோகிராம் படுத்துடுச்சா? 'எது தப்பா இருக்கு'னு தேடுறதோட, 'எது இல்லாம இருக்கு'னும் ஒரு தடவை தேடிப் பாருங்க. அப்புறம், உங்க அக்காவுக்கோ அண்ணிக்கோ குறைமாசத்தில் வலி வந்து, 'குழந்தையோட நுரையீரலுக்காக ஒரு ஊசி போடணும்'னு டாக்டர் சொன்னா, வீட்டில் பயந்து நிற்கிறவங்களுக்கு விஷயத்தைப் புரியவைக்க இனி நீங்க இருக்கீங்க!