இட்டேரி வழியே ஒரு ஞாயிறு

ஆடித் திருவிழாவும் குதிரைச் சந்தையும் முடிந்து, புதுப்பாளையத்தில் கூட்டம் கலைந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அந்தியூரை ஒட்டிய ஒரு தோட்டத்து வீட்டில், இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பத்து வயதுப் பேரனுக்குப் பொழுதே போகவில்லை.

"ஞாயித்துக்கிழமைன்னா அங்க நாங்க எல்லாரும் நடக்கப் போவோமுங்க அப்புச்சி."

"எங்க கண்ணு நடப்பீங்க? பார்க்குலயா?"

"இல்லீங்க. அடுத்தவங்க தோட்டத்துக்குள்ள!"

அப்புச்சி சிரித்துவிட்டார். இங்கே அடுத்தவர் தோட்டத்துக்குள் காலை வைத்தால் முதலில் நாய்தான் பேசும்.

மகள் விளக்கினாள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் நடக்கச் சட்டப்படி உரிமையுள்ள பாதைகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர் இருக்கின்றன. பல பாதைகள் தனியார் வயலுக்குள்ளேயே போகும். மஞ்சள் அம்புக்குறி வழி காட்டும். திறந்த கதவை மூடிவிட்டுப் போக வேண்டும், பயிரை மிதிக்கக் கூடாது, அவ்வளவுதான். நடை முடிகிற இடத்தில் பெரும்பாலும் ஒரு 'பப்' இருக்கும். பேர்தான் மதுக்கடை, தாத்தா, பாட்டி, குழந்தை, நாய் எல்லோரும் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு சாப்பிடுகிற இடம் அது.

"அந்த உரிமை சும்மா வந்துடலீங்கப்பா" என்றாள். 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் என்ற மலைமேட்டில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி நடந்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். மலைமேடுகளிலும் திறந்த வெளிகளிலும் யாரும் நடக்கலாம் என்ற சட்டம் வர 2000 ஆகிவிட்டது.

கேட்டுக்கொண்டிருந்த அம்மிச்சி, "நம்முளுக்கு இட்டேரி இல்லையாக்கும்? எந்திரிங்க, போலாம்" என்று செருப்பை மாட்டினார்.

கொங்கு நாட்டில் இட்டேரி தெரியாதவர் குறைவு. இரண்டு பக்கமும் தோட்டம், நடுவே வண்டி போகிற அளவுக்குத் தடம், தடத்தின் இரு ஓரமும் உயிர்வேலி. மழைக்காலத்தில் கிளுவைப் போத்தை நட்டுவிட்டால் போதும், அதுவே துளிர்த்து வேலியாகிவிடும். அதன்மேல் கோவைக்கொடியும் பிரண்டையும் ஏறிக்கொள்ளும். கிளுவைத் தழை வெள்ளாட்டுக்குத் தீனி.

ஆடிக்காற்று முகத்தில் அடிக்க, நான்கு பேரும் நடந்தார்கள். பேரனுக்கு நூறு கேள்வி. வேலிக்குள் சலசலத்த ஓணானைக் காட்டி அப்புச்சி சொன்னார்: "அது பயிருல இருக்கற பூச்சியத் தின்னும். பாம்பு எலியப் பிடிக்கும். பாம்பப் பாத்துக்கக் கீரி இருக்குது. சம்பளம் வாங்காத பண்ணையாளுக கண்ணு." அம்மிச்சி ரசத்துக்கென்று ஒரு பிடி பிரண்டையை ஒடித்துக்கொண்டார்.

பாதி தூரத்தில் ஒரு பக்கத்து வேலி காணாமல் போனது. கல்லுக்கால், கம்பிவேலி. தடமும் பாதியாகக் குறுகியிருந்தது.

"இது யார் வழீங்க அப்புச்சி?" என்றான் பேரன்.

"யாரு வழியும் இல்ல சாமி. எல்லாரு வழியும்தான்."

சொல்லிவிட்டு அப்புச்சி அமைதியாகிவிட்டார். காரணம் அம்மிச்சிக்குத் தெரியும். மறுநாள் காலை அவர் தோட்டத்து ஓரத்துக்கும் ஜேசிபி வருவதாக இருந்தது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. வேலி கழிக்க ஆள் கிடைப்பதில்லை, முள் படர்ந்து தடத்தை அடைக்கிறது, ராத்திரியில் பாம்புப் பயம். வேரோடு எடுத்துவிட்டால் இன்னொரு வரிசை தென்னை வைக்கலாம்.

பெரிய ஏரிக்கரை வந்தது. வரட்டுப்பள்ளம் அணை நிரம்பினால் உபரி நீர் கெட்டிசமுத்திரம் ஏரி வழியாக இங்கே இறங்கும். வடக்கே பர்கூர் மலை நீலமாக நின்றது.

கரையை ஒட்டிய டீக்கடையில் நடை முடிந்தது. நான்கு டீ, சுடச்சுட ஒரு தட்டு பஜ்ஜி. "இதுதான் நம்மூரு பப்பு" என்றாள் மகள். கல்லாவில் இருந்தவர் என்ன புரிந்துகொண்டாரோ, பேரனுக்கு ஒரு பப்ஸ் எடுத்து வைத்தார்! பெஞ்சில் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் இருந்தார்.

"நாளைக்கு ஜேசிபி வருதுங்களா மாமா? வந்தா நம்ம பக்கமும் அப்பிடியே ஒரு இழுப்பு இழுத்துரலாமுங்க."

அப்புச்சி டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பேரன் இடையில் புகுந்தான்: "எங்கூர்ல பழைய வேலிய எடுக்கணும்னா கவுன்சில்ல கேக்கணுமுங்க."

உண்மைதான். அங்கே 1997ல் வந்த விதிகளின்படி, வயலோரத்துப் பழைய உயிர்வேலிகளைப் பிடுங்கும் முன் உள்ளாட்சி மன்றத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்.

"வேரோட வேண்டாம் மாப்ள" என்றார் அப்புச்சி கடைசியில். "ஆளு நான் கூட்டியாறேன். ரெண்டு பக்கமும் கழிச்சு உட்டுரலாம். கூலி பாதிப் பாதி. வண்டி போற அகலம் மட்டும் இருக்கட்டும்."

பக்கத்துத் தோட்டத்துக்காரர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "யோசிக்கலாமுங்க" என்றார். ஆனால் டீக்காசை அவர்தான் கொடுத்தார்.

நம் ஊர்ப் பாதைகளுக்கும் பதிவு உண்டு. வருவாய்த் துறையின் புல வரைபடத்தில் பல வண்டிப்பாதைகள் இன்னும் கோடாக இருக்கின்றன. அரசின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் கைப்பேசியிலேயே பார்க்கலாம். தரையில் அந்தப் பாதை இருக்கிறதா என்று பார்க்க மட்டும் நடந்துதான் போக வேண்டும்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. டார்ச்சைப் பேரன் பிடித்தான். அவன் தோளை அப்புச்சி பிடித்துக்கொண்டார். வந்த தடத்திலேயே வீடு திரும்பினார்கள்.