மொழிச் சண்டைக்கு நடுவே காணாமல் போன சோதனை

2027ஆம் ஆண்டில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் புதிய பாடத்திட்டம் தொடங்குகிறது. அதோடு, அறிவியலை எந்த மொழியில் கற்பிப்பது என்ற பழைய வாக்குவாதமும் திரும்ப வரும் என்றே நினைக்கிறேன். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009இல் அந்த முடிவைக் கைவிடுவதாக அரசாங்கம் அறிவித்தது. 2016இல் டி.எல்.பி. எனும் இருமொழித் திட்டம் வந்தது. சில தமிழ்ப்பள்ளிகள் அதில் சேர்ந்தபோது, தமிழ்ப்பள்ளியின் அடையாளமே போய்விடும் என்று ஒரு தரப்பும், இடைநிலைப்பள்ளியில் பிள்ளைகள் தடுமாறக்கூடாது என்று இன்னொரு தரப்பும் மோதிக்கொண்டன.

இரு தரப்புக் கவலையிலும் நியாயம் உண்டு. ஆனால், வகுப்பில் பிள்ளைகள் சோதனை செய்கிறார்களா என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்து 2017இல் யு.பி.எஸ்.ஆர். எழுதியவன். தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி ஆகிய மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஊசலின் நூல் நீண்டால் ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரம் கூடும் என்று எழுதிப் புள்ளியும் வாங்கினேன். ஆனால், நூலில் ஒரு கல்லைக் கட்டி ஆட்டிப் பார்த்ததாக நினைவில்லை. படிவம் ஒன்றில் மாறி என்பது 'பெம்போலே உபா' ஆனபோது விழித்தது உண்மைதான். அது சில வாரங்களில் பழகிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி உருளையிலுள்ள நீர்மட்டத்தை எங்கே கண்வைத்துப் படிப்பது என்று தெரியாமல் நின்றதுதான் அதிக நாள் நீடித்தது.

இது தமிழ்ப்பள்ளிகளின் சிக்கல் மட்டுமல்ல. டிம்ஸ் எனும் அனைத்துலக ஆய்வில் நம் நாட்டின் படிவம் இரண்டு மாணவர்கள் அறிவியலில் பெற்ற சராசரிப் புள்ளி 2019இல் 460. 2023இல் அது 426 ஆகக் குறைந்தது. அந்த ஆய்வின் நடுப்புள்ளி 500. 2023இல் சோதிக்கப்பட்டவர்கள் பெருந்தொற்றுக் காலத்தில் தொடக்கப்பள்ளியின் கடைசி ஆண்டுகளைக் கைப்பேசித் திரையில் கழித்தவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. திரையில் சோதனையைப் பார்க்கலாம், செய்ய முடியாதே!

நான் வசிக்கும் ரவாங்கில், தம்புசாமி பிள்ளையும் லோக் இயூவும் 1894இல் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்னாக்கி கொண்டுவந்தார்கள். நாட்டில் மின்சாரம் முதன்முதலில் பயன்பட்டது இங்கேதான் என்பார்கள். சனிக்கிழமைகளில் நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் அண்டை வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாம் ஆண்டில் மின்சுற்று படிக்கிறார்கள். படத்தைப் பார்த்துத் தொடர் மின்சுற்று, இணை மின்சுற்று என்று சரியாகப் பெயர் சொன்னார்கள். பேட்டரி, கம்பி, சின்ன பல்புகள் வாங்கிவந்து அவர்களையே இணைக்கச் சொன்னேன். ஒரு பல்பைக் கழற்றியதும் மற்றதும் அணைந்தது. உடனே ஒருத்தி, "அண்ணே, எங்க வீட்டுல ஒரு லைட் போனா மத்ததெல்லாம் எரியுதே?" என்றாள். இணை மின்சுற்றை நான் விளக்க வேண்டிய தேவையே வரவில்லை. கம்பியை மாற்றி மாற்றி இணைத்து அவர்களே கண்டுபிடித்தார்கள். தமிழில்தான் யோசித்தார்கள். பிறகு 'லித்தார் செலாரி' என்ற மலாய்ச் சொல்லையும் எழுதவைத்தேன். அதற்கு இரண்டு நிமிடம் ஆனது.

அனைத்துலகப் புத்தாக்கப் போட்டிகளில் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் தங்கம் வெல்லும் செய்திகளைப் பெருமையோடுதான் வாசிக்கிறேன். ஆனால் அந்தக் குழுவில் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். வகுப்பில் மீதி இருப்பவர்கள் பயிற்சி நூலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். 2021இல் யு.பி.எஸ்.ஆர். ஒழிக்கப்பட்ட பிறகு, 'தேர்வுக்கு நேரமில்லை' என்ற காரணமும் செல்லாது. ஆசிரியர்களை மட்டும் குறைசொல்ல மனம் வரவில்லை. முப்பது பேருக்குப் பொருள் சேர்த்து, அறுபது நிமிடத்துக்குள் முடித்து, கோப்பும் நிரப்ப வேண்டியவர்கள் அவர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எத்தனை 'ஏ' என்று கேட்கும் நாம், இந்த ஆண்டு வகுப்பில் எத்தனை சோதனைகள் நடந்தன, அதற்குப் பொருள் வாங்கப் பணம் இருந்ததா என்றும் கேட்கலாம்.