எண்ணெயைக் கேளுங்கள், தெருவைக் கேட்காதீர்கள்

அம்மா எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் இட்லி, வடை விற்கிறார். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் காலையில் நான்தான் சட்னி ஊற்றுவேன். வருகிறவர்கள் இரண்டு விதமாகக் கேள்வி கேட்பார்கள். "எண்ணெய் நேத்து எண்ணெயாம்மா?" என்பது ஒன்று. அம்மாவுக்கு அந்தக் கேள்வியில் கோபமே வராது. சட்டியைச் சாய்த்துக் காட்டுவார். இன்னொன்று, "நீங்க எந்தத் தெரு?" போன பொங்கலுக்கு ஒருவர் இப்படிக் கேட்டார். அம்மா மறைக்காமல் சொன்னார். அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு, காசை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் கேள்வி உணவைப் பற்றியது. இரண்டாவது, சமைத்த கையைப் பற்றியது. உணவுப் பாதுகாப்பு என்ற பெயரில் அரசு இதில் எந்தக் கேள்வியைக் கேட்கிறது என்பதுதான் என் கவலை.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் கேட்பது முதல் கேள்வியைத்தான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பாத்திரம் எப்படிக் கழுவப்படுகிறது, சமைப்பவருக்குத் தொற்றுநோய் இருக்கிறதா, கலப்படம் உண்டா என்று பார்க்கிறது. பாதுகாப்பற்ற உணவால் ஓர் உயிர் போனால் குறைந்தது 7 ஆண்டு சிறை என்கிறது. அம்மாவின் வண்டியிலும் பதிவுச் சான்றிதழ் தொங்குகிறது. அதில் அவர் பெயரும் இருக்கிறது. புகார் வந்தால் ஆளைக் கண்டுபிடிக்க அந்தப் பெயர் தேவை. அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் 2024 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் நடந்தது வேறு. கன்வர் யாத்திரை போகும் வழியில் உள்ள உணவுக் கடைகள் உரிமையாளர் பெயரை வெளியே எழுதி வைக்க வேண்டும் என்று முசாபர்நகர் காவல்துறை சொன்னது. பிறகு அது யாத்திரைப் பாதை முழுவதற்கும் விரிந்தது. முஸ்லிம் தொழிலாளர்களைக் கடைகள் வேலையை விட்டு நிறுத்திய செய்திகள் வந்தன. ஜூலை 22 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. என்ன உணவு விற்கிறார்கள் என்று எழுதச் சொல்லலாம், உரிமையாளர், ஊழியர் பெயரை எழுதக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. இரண்டே மாதத்தில், செப்டம்பரில், மாநிலம் முழுவதும் உரிமையாளர், மேலாளர் பெயர்களை எழுத வேண்டும் என்று அந்த அரசு மறுபடியும் அறிவித்தது. இம்முறை சொன்ன காரணம், உணவுப் பாதுகாப்பு.

அங்கே ஒருவரின் பெயரே மதத்தையும் பல நேரம் சாதியையும் சொல்லிவிடும். சுயமரியாதை இயக்கத்தின் உழைப்பால் நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. அதனால்தான் இங்கே "எந்தத் தெரு?" என்று கேட்கிறார்கள். கேள்வி ஒன்றுதான், வார்த்தைதான் வேறு.

உத்தரப் பிரதேசத்தைச் சொல்லி நாம் நிம்மதி அடைந்துவிடவும் முடியாது. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணை, அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்று ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடமாற்றம் செய்ததுதான். போராட்டங்களுக்குப் பிறகே அது ரத்தானது. அந்தச் சோற்றை யாரும் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது சுகாதாரம் அல்ல, 'சுத்தம்'. சுகாதாரத்தை ஆய்வகத்தில் அளக்க முடியும். தீட்டை எந்த ஆய்வகத்தில் அளப்பது?

சரி, எச்சில் துப்பிச் சமைக்கும் காணொளிகள் வருகின்றனவே, அவற்றை விட்டுவிடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். விட வேண்டாம். யார் செய்தாலும் வழக்குப் போடுங்கள், உரிமத்தைப் பறியுங்கள். அதற்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் ஒருவர் செய்த குற்றத்துக்கு அவர் பெயரைப் போன்ற பெயருள்ள எல்லோரையும் பலகையில் நிறுத்துவது எப்படி உணவுப் பாதுகாப்பாகும்?

கையைக் கவனிக்கும் சமூகம் விஷத்தைக் கோட்டைவிடுகிறது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள். அந்த 'கோல்ட்ரிஃப்' மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு வேதிப்பொருள் 48.6 விழுக்காடு இருந்ததைத் தமிழ்நாட்டு ஆய்வகமே கண்டுபிடித்தது. ஏற்கத்தக்க அளவு 0.1 விழுக்காடுதான். ஆலைக்குள் போய்ப் பார்த்தபோது முந்நூறுக்கும் மேற்பட்ட விதிமீறல்கள் இருந்தன. மருந்துக்குத் தனிச் சட்டம், தனி அதிகாரிகள் உண்டு. ஆனாலும் குழந்தைகள் சாகும்வரை அந்த ஆலையின் விதிமீறல்களை யாரும் தடுக்கவில்லை. உரிமையாளர் பெயர் குப்பியிலோ உரிமத்திலோ இருந்ததால் எந்தக் குழந்தை பிழைத்தது?

அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கக் கூடியவை மூலப்பொருள் சோதனையும், முன்னறிவிப்பில்லாத ஆய்வும், போதுமான ஆய்வாளர்களும்தான். இவற்றுக்குப் பணம் வேண்டும், முதலாளிகளைப் பகைக்கும் துணிவு வேண்டும். பெயர்ப் பலகைக்கு இரண்டும் தேவையில்லை.

பலகை வைத்தே ஆக வேண்டும் என்றால் கடைசியாக ஆய்வு நடந்த தேதியை எழுதுங்கள். மாதிரி எடுத்தீர்களா, முடிவு என்ன என்று எழுதுங்கள். பெரிய உணவகத்திலும் எழுதுங்கள், மருந்து ஆலை வாசலிலும் எழுதுங்கள், அம்மாவின் வண்டியிலும் எழுதுங்கள். அம்மா சந்தோஷமாகத் தொங்கவிடுவார்.

அடுத்த முறை சாலையோரக் கடையில் சாப்பிடப் போகும்போது தோழர்களே, எண்ணெயைப் பற்றித் தாராளமாகக் கேளுங்கள். பக்கத்தில் நிற்பவர் தெருவைக் கேட்டால், எதற்குக் கேட்கிறார் என்று அவரைக் கேளுங்கள். அன்று அம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற நான் அதைக் கேட்காமல் விட்டேன்.