பசியாறியாச்சா?

அலோர் காஜாவில் உறவினர் வீட்டுக் காதுகுத்து. காலை எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். படியேறும்போதே வீட்டுப் பாட்டி, "வாங்க தம்பி, மொதல்ல பசியாறுங்க" என்றார். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பேத்திக்குச் சங்கடம். ஒருமுறை சென்னையில் உள்ள ஆபீஸ் தோழிகளிடம் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். "நாங்க என்ன பட்டினியாவா கிடந்தோம்?" என்று சிரித்துவிட்டார்களாம். அன்றிலிருந்து அவளுக்கு 'பிரேக்பாஸ்ட் ஆச்சா'தான்.

சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. ஆறு என்றால் தணிவது. காப்பி ஆறும், கோபம் ஆறும், புண்ணும் ஆறும். களைப்புத் தீர உட்கார்ந்தால் இளைப்பாறுகிறோம். வயிற்றில் எரிவது தணிந்தால் பசியாறுகிறோம். தமிழ்நாட்டிலேயே காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம் வீடுகளில் காலை உணவுக்குப் 'பசியாற' என்றுதான் பேச்சு.

ஆனால் நாம் இடறும் இடம் ஒன்று உண்டு. தானாகத் தணிவது ஆறு. நாம் தணிய வைப்பது ஆற்று. மாமாக் கடைக்காரர் தே தாரிக்கைத் தூக்கித் தூக்கி ஊற்றி ஆற்றுகிறார். நாம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது மேசையிலேயே ஆறிவிடுகிறது. அதேபோல, "பசியாறினேன்" என்றால் நான் சாப்பிட்டேன். "பசியாற்றினேன்" என்றால் வேறொருவருக்குச் சாப்பாடு போட்டேன். ஒரு கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கியில், "வந்திருப்போர் அனைவரும் பசியாற்றிச் செல்லவும்" என்று அறிவித்தார்கள். மொய் எழுதியது போதாதென்று கரண்டியும் பிடிக்க வேண்டும்போல!

நம் நாட்டில் இந்தச் சொல் பெரும்பாலும் காலையோடு ஒட்டிக்கொண்டது. 'பசியாறை' என்று பெயர்ச்சொல்லும் புழங்குகிறது. மத்தியானம் வந்தால் "சாப்பிட்டாச்சா" என்று மாறிவிடுகிறோம். இதற்குத் தோட்டமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. 1896இல் தான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு மலாக்கா முழுக்கப் பால்மரக் காடுகள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே பெரட்டு. வெறும் வரக்காப்பியோடு கிளம்பியவர்கள், மரமெல்லாம் வெட்டி முடித்து, மங்கில் பால் சொட்டி நிறையும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். அதை டிபன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

அந்தப் பாட்டியும் ஜாசின் பக்கம் பல வருஷம் பால் வெட்டியவர். சென்னைத் தோழிகளின் கேள்வியை அவரிடம் சொன்னேன். "ஆமா, பத்து மணி வரைக்கும் பட்டினிதான்" என்றார், சாதாரணமாக. பேத்தி ஒன்றும் பேசவில்லை. பேச்சு வளர்ந்ததில் என் இலையில் தோசை ஆறிப்போயிருந்தது. அவளே உள்ளே போய் வேறு சூடாகக் கொண்டுவந்து வைத்து, "பசியாறுங்க மாமா" என்றாள்.